சைக்கிள் கம்ப்யூட்டருக்கு மேலுறை தனியாகக் கிடைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை சைக்கிள் ஓட்டிச் சென்று திரும்புகிறவன் நான். ஹேண்டில்பாரில் வேகத்தையும் தூரத்தையும் காட்டிக்கொண்டிருக்கும் ஜிபிஎஸ் கம்ப்யூட்டரை வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. திரையில் குறையில்லை, பேட்டரியும் தாங்குகிறது. கெட்டது அதன் மேல்தோல் மட்டுமே. கைக்கு இதமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக்கின் மேல் பூசப்படும் மெத்தென்ற பாலியூரித்தேன் பூச்சு, வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த காற்றில் சில ஆண்டுகளிலேயே சிதைந்து இளகிவிடும். அதற்குச் சென்னையைவிடத் தோதான ஊர் வேண்டுமா என்ன? பலாப்பழம் அறுத்த கத்தியைப் போல் என் கருவி பிசுபிசுக்கத் தொடங்கி, தூசியும் கையுறை நூலும் அதில் அப்பிக்கொண்டன.

சர்வீஸ் சென்டரில் விசாரித்தபோது, மேலுறை உதிரிப் பாகமாக வருவதில்லை என்றும், பழையதைக் கொடுத்தால் புதியதற்குச் சிறிது தள்ளுபடி உண்டு என்றும் சொன்னார்கள். நல்ல நிலையில் ஓடும் கருவியைத் தோலுக்காகத் தூக்கிப்போட மனம் வராமல், நானே அதைத் திறந்து புதுப்பூச்சு பூசினேன். மேலுறையையும் அதனுள் இருக்கும் ரப்பர் வளையத்தையும் தயாரிப்பாளர்கள் தனியாக விற்க வேண்டும் என்று நான் கேட்பதற்கான காரணங்கள் அந்த வேலையில்தான் ஒவ்வொன்றாகப் புரிந்தன.

பின்பக்க ஸ்டார் ஸ்க்ரூக்களுக்கு ஏற்ற சிறிய டிரைவர் ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைத்தது. திறப்பது கடினமில்லை, திறந்தவுடன் இரு பாதிகளையும் வெடுக்கென்று பிரித்துவிடக் கூடாது, ஏனெனில் பொத்தான்களையும் திரையையும் இணைக்கும் ரிப்பன் கேபிள் காகிதம்போல் மெல்லியது. போர்டையும் பேட்டரியையும் எடுத்து வைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தேய்த்தபோது பிசின் முழுவதும் கருப்பு உருண்டைகளாகத் திரண்டு வந்தது. புதுப்பேட்டையில் பைக் டேங்குகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறைக்கு வெற்று உறையைக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் பழக்க தோஷத்தில் தின்னர் டப்பாவை எடுக்க, நான் பதறித் தடுத்தேன். தின்னரும் அசிட்டோனும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பாலிகார்பனேட் என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழச் செய்யும். பிறகு அவர் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டு இழைத்து, பிளாஸ்டிக் பிரைமர் பூசி, அதன்மேல் கிளிப்பச்சை நிறம் அடித்துக் கொடுத்தார். வெள்ளி மினுமினுப்புள்ள பெயிண்ட் எடுப்பாக இருக்கும் என்று அவர் சொன்னதை மட்டும் நான் ஏற்கவில்லை. அந்த மினுமினுப்பு அலுமினியத் துகள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 1575.42 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும் அலை தரைக்கு வரும்போதே மிக மெலிந்திருக்கும், ஆன்டெனாவுக்கு மேலேயே உலோகப் படலம் ஒன்றையும் போர்த்துவானேன்?

இவ்வளவு கவனித்தும் ஒன்றைக் கோட்டைவிட்டேன். உயரத்தை அளப்பதற்காகக் கருவியின் பின்புறம் ஊசிமுனை அளவில் ஒரு காற்றுத் துளை இருக்கிறது. கடல் மட்டத்தையொட்டி, ஏறத்தாழ எட்டு மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். அந்த மாற்றத்தைத் துளை வழியே உணர்ந்துதான் கருவி ஏற்றத்தைக் கணக்கிடுகிறது. பெயிண்ட் அந்தத் துளையை அடைத்துவிட்டதால், வெயில் ஏற ஏற உள்ளே சிறைப்பட்ட காற்று சூடாகி அழுத்தம் கூடியது. முட்டுக்காட்டை நெருங்கும்போது நான் கடல் மட்டத்துக்கு நூறு மீட்டர் கீழே சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. (மேம்பாலத்தைத் தவிர வேறு ஏற்றமே அறியாத சென்னைக்காரனுக்கு அது ஒரு புது அனுபவம்தான்.) துளையை ஊசியால் நெருட எனக்குத் துணிவில்லை, உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும். மீண்டும் உறையைப் பிரித்துத்தான் சரிசெய்தேன்.

அதைவிடப் பெரிய சிக்கல், உறையின் இரு பாதிகளுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் வளையம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதைக் குறிக்கும் ஐபிஎக்ஸ்7 முத்திரை கருவியில் இருக்கிறது. அந்த உத்தரவாதம் முழுவதும் இந்த வளையத்தில்தான் தங்கியிருக்கிறது. ஒருமுறை பிரித்தாலே அது நசுங்கிய வாக்கில் நின்றுவிடும். போதாக்குறைக்கு, விளிம்பில் படிந்த பெயிண்டின் கனம் மூடியை முழுதாக இறங்கவிடாது. விளிம்பைச் சுரண்டியெடுத்து, வெற்று உறைக்குள் ஒரு டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமிழ்த்திப் பார்த்தேன். காகிதத்தின் ஒரு மூலை நனைந்திருந்தது. புதிய வளையம் எங்கும் கிடைக்காததால், சிலிக்கோன் கிரீஸ் தடவி ஒருவாறு ஒப்பேற்றியிருக்கிறேன். ஐப்பசி மழையில் அதை நம்பி வெளியே எடுக்க இன்னும் தயக்கமாகவே இருக்கிறது.

என் முதல் சைக்கிள் கம்ப்யூட்டர் ஆரக்கம்பியில் காந்தம் மாட்டும் பழைய வகை. அதன் அடிமூடியில் ஒரு நாணயத்தைச் சொருகித் திருகினால் கழன்றுவிடும். 2032 எண்ணுள்ள பொத்தான் பேட்டரியை எந்தக் கைக்கடிகாரக் கடையிலும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அத்தனை எளிமையை இன்றைய கருவிகளிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான நெறிமுறைகளை வகுக்க 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைப்பேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகியவை அதன் வரம்புக்குள் வருகின்றன. சைக்கிள் கம்ப்யூட்டர், உடற்பயிற்சிக் கைக்கடிகாரம் போன்ற சிறு கருவிகளை விற்பவர்களும் அந்த இணையதளத்தில் மேலுறை, ரப்பர் வளையம், பேட்டரி ஆகியவற்றின் விலையையும், உறையைத் திறந்து மூடும் முறையையும் வெளியிட வேண்டும் என்று துறை வலியுறுத்த வேண்டுகிறேன். வளையம் ஒன்று கிடைத்தால் போதும், என் கிளிப்பச்சைக் கருவியை நான் மழையிலும் வெளியே எடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருவான்மியூர், சென்னை.