செயலாளரின் ஆண்டறிக்கை: புரோவன் நகரமும் அதன் அயலும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் பொதுக்கூட்டத்துக்கு வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது. பொங்கல் விழாவும் வாணி விழாவும் வழமைபோல் நடைபெற்றன. சிறுவர் வாசிப்புப் போட்டி, மண்டபம் கிடைக்காமையால் ஒத்திவைக்கப்பட்டது.

ஒருநாள் பயணங்களைச் சென்ற பொதுக்கூட்டம் என் பொறுப்பில் விட்டது. முன்னர் ஆண்டுக்கொரு முறை பெரிய பேருந்து பிடித்துத் தொலைதூர ஊர்களுக்குப் போய், பாதி நாளை நெடுஞ்சாலையிலேயே கழித்து வந்தோம். அதை விடுத்து, ஒரு சந்தை நகரத்தையும் அதன் அயலையும் ஆறுதலாகப் பார்ப்போம் என்று நான் முன்மொழிந்து, புரோவனைத் தெரிவு செய்தேன். பாரிஸ் லா சப்பலிலிருந்து நடந்தே போகக்கூடிய கார் து லெஸ்ட் நிலையத்தில் பி (P) தடத் தொடருந்தில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் அங்கு இறங்கலாம். மாதாந்தப் போக்குவரத்து அட்டையான நவிகோ உள்ளவருக்கு மேலதிகக் கட்டணமும் இல்லை. இவ்வளவு கிட்ட உள்ள ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று குழுவிலேயே கேட்கப்பட்டதால் சற்று விரித்து எழுதுகிறேன்.

12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் ஷம்பாஞ் பகுதிப் பிரபுக்களின் பெருஞ்சந்தைகள் கூடிய நான்கு ஊர்களில் புரோவனும் ஒன்று. இத்தாலியிலிருந்தும் பிளாண்டர்ஸிலிருந்தும் வணிகர்கள் அங்கு வந்தார்கள். 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நிலையத்திலிருந்து மேல்நகருக்கு ஏற்றம் உண்டு என்பதால் மூத்தவர்களை இடையிடையே இருத்தி அழைத்துச் சென்றோம். வணிகர்கள் சரக்கு வைத்து விற்ற பழைய கற்களஞ்சியத்தினுள், நாணயம் மாற்றுபவரின் உருவத்துக்கு முன்னால், சுன்னாகம் சந்தையில் முன்பு புடவைக் கடை வைத்திருந்த நம் மூத்த அங்கத்தவர் வெகுநேரம் நின்றார். பிரபுக்கள் சந்தையில் வரி அறவிட்டார்கள், பதிலுக்கு வணிகர்கள் வந்துபோகும் வழிக்குக் காவல் உறுதி தந்தார்கள் என்று நான் எழுதிக் கொடுத்த தமிழ்க் குறிப்பை வாசித்துவிட்டு, "எங்கட குத்தகைக்காரன் இதைச் செய்யேல்லையே" என்றார். பிரெஞ்சு விளக்கம் புரியாமல் பிள்ளைகளின் பின்னால் பேசாமல் நடந்து பழகியவர்களுக்கு அந்த நான்கு பக்கக் குறிப்பு எவ்வளவு தேவைப்பட்டது என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

இரண்டாவது பயணத்தில், அதே தடத்திலுள்ள வெர்நேய்-லெத்தாங் நிலையத்தில் இறங்கிச் சிற்றுந்தில் வோ-லு-விகொம்ட் மாளிகைக்குச் சென்றோம். 1661 ஆகஸ்ட் 17 அன்று அரசன் பதினான்காம் லூயிக்கு அங்கே விருந்தளித்த நிதியமைச்சர் ஃபூக்கே, மூன்று வாரம் முடியுமுன்னரே கைதானார். பூங்கா எல்லோருக்கும் பிடித்திருந்தது.

மூன்றாவது பயணத்தைப் பற்றி மனவருத்தத்துடன்தான் எழுத வேண்டியுள்ளது. புரோவனுக்கு அருகிலுள்ள சன்-லூ-து-நோ கிராமத்துத் தேவாலயத்துக்கு முதியோரும் வரவேண்டும் என்பதற்காகப் பேருந்து ஒழுங்கு செய்து, முற்பணமும் கட்டியிருந்தோம். பெயர் தந்தவர்களில் பாதிப்பேர், ஒரு தொலைபேசி அழைப்புக்கூட இல்லாமல், வரவில்லை. காலை ஏழரையிலிருந்து எட்டரை வரை நடைபாதையில் காத்திருந்து, வெற்று இருக்கைகளோடு புறப்பட்டோம். வந்தவர்களோ அந்த 12ஆம் நூற்றாண்டு வாயிலைவிட்டு நகர மனமில்லாமல் நின்றார்கள். மேலே கிறிஸ்துவைச் சூழ்ந்து மனிதன், சிங்கம், எருது, கழுகு என நான்கு உருவங்கள் உள்ளன. "இவை வாகனங்களோ தம்பி?" என்று ஓர் அம்மா கேட்டார். நற்செய்தி எழுதிய நால்வரின் குறியீடுகள் என்று சொன்னதும், பேரனைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாய்க் காட்டினார். வராதவர்கள் இழந்தது இதைத்தான். அவர்களுடைய இருக்கைக் கட்டணத்தைச் சங்கமே ஏற்றது.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துள்ளன. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. நமக்குச் சந்தாவைத் தவிர வேறு நிலையான வருமானம் இல்லாதிருந்தும், கணிசமானோர் இரண்டாண்டுச் சந்தாவைச் செலுத்தாமல் உள்ளனர்.

தலைவருக்கும் பொருளாளருக்கும் தேநீரும் சிற்றுண்டியும் கொண்டுவந்த குடும்பங்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, ஓவியர் சிஸ்லே 1899இல் காலமாகும்வரை வாழ்ந்த மொரே-சுர்-லுவானையும் சேர்க்க விரும்புகிறேன். பயணக் கட்டணம் முன்கூட்டியே பெறப்பட வேண்டும் என்பது என் பரிந்துரை. பதிவு, பயணச்சீட்டு, தமிழ்க் குறிப்பு ஆகிய மூன்றையும் ஒருவரே பார்ப்பது இனி இயலாது. இளையோர் இருவராவது முன்வந்தால் மட்டுமே இப்பொறுப்பில் தொடர்வேன். பெயர் பதியும் தாளும் பொருளாளரின் பற்றுச்சீட்டுப் புத்தகமும் வாசலருகேயுள்ள மேசையில் கூட்டம் முடியும்வரை இருக்கும்.

செயலாளர்