வண்டியைப் பற்றிச் சில விஷயங்கள்

அன்பு மகள் வள்ளிக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல். ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது இருவர் குரலையும் கேட்கலாம் என்று அம்மா ஸ்பீக்கரைப் போட்டு வைத்திருந்தாள். நீ சீக்கிரமே வைத்துவிட்டாய். வேலை இருந்திருக்கும். நாம் சமைத்துத் தூங்கிப் பயணம் செய்ததைப் போன்ற ஒரு கேம்பர்வேனை அடுத்த மாதம் மறுபடியும் எடுத்துக்கொண்டு, இந்த முறை சிட்னிக்குத் தெற்கே கடலோரமாக, தனியாகப் போகப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். எத்தனை நாளுக்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லையாம். ஆகவே போனில் சொல்லாமல் விட்டவற்றை எழுதுகிறேன். எல்லாம் வண்டியைப் பற்றியவைதாம்.

முதலாவது, பொழுது சாய்ந்த பிறகு ஓட்டாதே. கங்காருகள் அந்தியிலும் விடியலிலும்தான் மேய்ச்சலுக்குச் சாலையோரம் வருகின்றன. விளக்கு வெளிச்சத்தில் அவை எந்தப் பக்கம் துள்ளும் என்று யாராலும் கணிக்க முடியாது. பசிபிக் நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வரை போகலாம் என்று பலகை சொன்னாலும், அவ்வளவு உயரமான வண்டிக்குக் குறுக்குக் காற்று ஆகாது, 90 தாராளம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நட. வழியில் ஓரிடத்தில் தொண்டர்கள் கூடாரம் போட்டு, ஓட்டுநர்கள் கண்ணயராமல் இருப்பதற்காகத் தேநீரும் பிஸ்கட்டும் இலவசமாகக் கொடுத்தார்களே, அதை இங்கே பணிமனைப் பழைய நண்பர்களிடம் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

நம்பூக்கா ஹெட்ஸ் கேரவன் பார்க்கில் இரண்டு மரங்களுக்கு நடுவே நீ அந்த வண்டியை ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியதையும் சொன்னேன். பின்னால் நின்று கைகாட்ட இறங்கியவன், காட்ட வேண்டிய தேவையே இல்லாமல் நின்றேன். என்னிடம் பயிற்சி பெற்ற டிரைவர்களில் பாதிப் பேருக்கு அது வராது. பக்கத்து வேன் வெள்ளைக்காரத் தம்பதி கை தட்டினார்கள். அதை மட்டும் நம்பவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் கிளம்பும் முன் அலமாரித் தாழ்ப்பாள்களைப் பார்ப்பதில்லை, அது உன்னிடம் ஒரு குறை. முதல் ரவுண்டானாவிலேயே மேல் அலமாரி திறந்து ரசப்பொடி டப்பா அம்மாவின் மடியில் கொட்டியது. பைரன் பே போய்ச் சேரும் வரை வண்டிக்குள் பெருங்காய வாசம் போகவில்லை. மிளகாய் கிள்ளித் தாளித்த மறுகணம் கூரையிலிருந்த புகை எச்சரிக்கைக் கருவி அலறியதையும், அடுத்த வேனிலிருந்து ஒரு பெரியவர் ஈரத் துண்டோடு ஓடி வந்ததையும் அம்மா இங்கே தெரு முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள். நீயும் அன்றைக்குச் சிரித்தாய். வெளி மேசையில் வைத்த தோசையைக் குக்கபராப் பறவை கவ்விக்கொண்டு போனபோதும் சிரித்தாய். அந்த இரண்டு தடவையும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சாலையோரத்துப் பிரம்மாண்டச் சிலைகளைப் பற்றி நான் அப்போது கேலி பேசினேன். இப்போது பேச மாட்டேன். நம் ஊர் எல்லையில் அய்யனார் குதிரை நிற்பதைப் போல அவர்கள் ஊருக்கு ஊர் வாழைப்பழத்தையும் சிப்பியையும் இறாலையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காஃப்ஸ் ஹார்பர் வாழைப்பழம் 13 மீட்டர் நீளம். சாலையோரப் பழக்கடைக்கு ஆள் இழுக்க 1964இல் கட்டியது. அதற்குள் புகுந்து வெளியே வந்த பிறகும் அம்மா, "இது ரஸ்தாளியா, பச்சை வாழையா?" என்று டிக்கெட் கொடுத்த பையனிடம் கேட்கச் சொல்லி உன்னை நச்சரித்தாள். டாரியின் பெரிய சிப்பியை வியாபாரம் கைவிட்டுவிட்டது. நெடுஞ்சாலை ஊருக்கு வெளியே போனதும் கூட்டம் வரவில்லை, பிற்பாடு கார் விற்கும் இடமானது. பாலினா இறாலின் கதை வேறு: 1989இல் ஒரு பெட்ரோல் பங்கின் தலையில் உட்கார வைத்தது, இடிக்கலாம் என்று நகர மன்றமே அனுமதித்த பின்பும் ஊர்க்காரர்கள் விடவில்லை, 2013இல் புது வாலும் வைத்து நிறுத்திவிட்டார்கள். சிப்பியைவிட இறாலைத்தான் எனக்குப் பிடித்தது. வாழைப்பழத்தின் முன்னால் நம்மைப் படம் எடுத்துக் கொடுத்தவர், "மூன்று பேர்தானா, இன்னும் யாராவது வர வேண்டுமா?" என்று கேட்டபோது, நீ "மூன்று பேர்தான்" என்று சொன்ன வேகத்தில் அவர் சற்றுத் திகைத்துவிட்டார்.

வண்டி நான்கு பேருக்கு எடுத்தது. நான்கு தட்டு, நான்கு மடக்கு நாற்காலி, நான்கு படுக்கை உறை கொடுத்தார்கள். ஒரு உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு மெல்போர்னில் திடீர் வேலை என்றாய். வேலைதான் முதலில், நான் மறுக்கவில்லை. கெம்ப்சியில் அக்குப்ரா தொப்பி வாங்கி அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டாள். முயல் ரோமத்தில் செய்யும் அந்தத் தொப்பிகளின் தொழிற்சாலையே அந்த ஊரில்தான் இருக்கிறது என்று நீதான் சொன்னாய். தலை அளவு கேட்டதற்கு, "அவருக்குத் தொப்பி பிடிக்காதும்மா" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு வெளியே போய்விட்டாய். கொடைக்கானல் போட்டோ இன்னமும் நம் கூடத்தில்தான் மாட்டியிருக்கிறது. அதில் அவர் தலையில் என்ன இருக்கிறது என்பது உனக்கே தெரியும்.

அந்தியில் ஓட்டாதே என்பதை மறுபடியும் எழுதுகிறேன்.

அடுத்தது குளிர்பெட்டி. முதல் இரவே கதவுக்கு மேலிருந்த பலகையில் பேட்டரிக்கான சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. நாங்கள் பார்த்துக் கவலைப்படக் கூடாது என்று நீ அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டாய். பெரிய மெரூன் பொட்டு. இரவில் விளக்கை அணைத்த பிறகு அதன் ஓரத்தைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் மின்னி மின்னி மறைந்ததை நான் படுத்தபடியே பார்த்தேன். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன். மாவு பொங்கிப் புளித்து, பால் திரிந்து, அம்மா மூடியைத் திறந்து முகம் சுளித்த பிறகுதான் சொன்னாய். இருக்கைக்கு அடியில் பேட்டரி டெர்மினல் தளர்ந்து, பச்சை பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றித் தேய்த்து, கேரவன் பார்க்காரரிடம் இரவல் வாங்கிய ஸ்பானரால் இறுக்கினேன், விளக்கு அணைந்தது. வேலைக் காலமெல்லாம் வண்டி என்ன சத்தம் போடுகிறது என்று கேட்டே பிழைத்தவன் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், வள்ளி. என்னிடம் மறைப்பதற்கு ஒரு பொட்டா?

கோபத்தில் எழுதவில்லை. போர்ட் மக்குவாரியில் கோலா ஆஸ்பத்திரிக்கு எங்களைக் கூட்டிப்போய், அது 1973இலிருந்து நடக்கிறது என்று ஆரம்பித்து ஒவ்வொரு பலகையையும் தமிழில் பெயர்த்துச் சொன்ன பொறுமை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. ரொட்டி தின்று நாக்குச் செத்துப்போயிருந்த அம்மாவுக்காக வூல்கூல்காவில் வண்டியைத் திருப்பி, குன்றின் மேலிருந்த குருத்வாராவுக்கு அழைத்துப் போனாய். வாழைத் தோட்ட வேலைக்கு வந்து அங்கேயே வேரூன்றிய சீக்கியர்கள் கட்டிய கோயில் அது. இப்போது தோட்டங்களில் புளூபெர்ரிதான் அதிகமாம். லங்கர் என்னும் பொதுப் பந்தியில் சூடான பருப்பும் சப்பாத்தியும் சாப்பிட்ட பிறகு அம்மா மறுபடி உள்ளே போய் நெடுநேரம் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். வேண்டுதல் உன் பெயருக்குத்தான்; வேறு யாருக்கு வேண்டுவாள்.

பைரன் பே கலங்கரை விளக்கத்தில், அந்நாட்டுப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி இதுதான் என்று எங்களை முன்னே நடக்கச் சொல்லிவிட்டு, நீ பின்தங்கிப் போனில் பேசினாய். திரும்பி வந்தபோது கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்றாய். கடலுக்கு மேலே அவ்வளவு உயரத்தில், பாறைக்கு மேல் சிமெண்ட் பாதை. மணல் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. பெரிய அத்தை விஷயத்தில் தாத்தா நடந்துகொண்டதை நீ பார்த்ததில்லை, கேட்டிருப்பாய். நான் அவர் இல்லை. ஊர் என்ன சொல்லும் என்று எண்ணி நீ எந்த விளக்கின் மேலும் பொட்டு ஒட்ட வேண்டாம்.

தனியாகப் போவதென்றால் இரவு தங்குவதற்கு ஆள் நடமாட்டமுள்ள கேரவன் பார்க்கையே தேர்ந்தெடு. இலவசம் என்று ஒதுக்குப்புறத்தில் நிறுத்தாதே. தூங்கும் முன் கேஸ் சிலிண்டரை மூடு. கிளம்பும் முன் மின் கம்பியைப் பிடுங்கினாயா என்று இறங்கிப் போய்க் கண்ணால் பார். தாழ்ப்பாள், படி, கேஸ், கம்பி. பொழுது சாய்வதற்கு முன் நிறுத்திவிடு.

மாடி அறைக்குப் புது மின்விசிறி போட்டுவிட்டேன், குழாயும் மாற்றியாயிற்று. அம்மாவிடம் பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அவள் பார்க்கவில்லை. தை மாதம் வருவதாக இருந்தால் டிக்கெட்டுக்கு இங்கிருந்தே பணம் போடுகிறேன். தேதியையும், ஒருவருக்கா இருவருக்கா என்பதையும் மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டிய கட்டாயமில்லை.

அன்புடன்,
அப்பா