உன் புத்தகத்தைக் கொப்பி எடுத்துவிட்டேன்

அன்பின் செல்வா,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். சின்னவன் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் படுத்துக் கிடக்கிறான். ஏழு மாதமாக நான் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை, ஆகவே அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவேண்டாம். ஆனால் மீசைக்காரர் மகள் கலியாணத்துக்கு நீ வராததை இங்கே ஒருவரும் மன்னிக்கவில்லை. அந்தப் பால்டின் கதையை அவர் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி மறுபடியும் சொன்னார். நீ பக்கத்தில் இல்லாததால் பழி முழுவதையும் உன் தலையில் கட்டிவிட்டார்.

இதை வட்ஸ்அப்பில் தொடங்கினேன், நீண்டுகொண்டே போகிறது, அதனால் ஈமெயிலில் அனுப்புகிறேன். உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உன் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என் கடை மெசினில் போட்டோ கொப்பி எடுத்துக் கொடுத்தேன்.

கேள். போன மாதம் ஒரு பிள்ளை என் கொமினிகேஷன் கடைக்கு வந்தாள். ஏ.எல். வகுப்பில் இரண்டாம் வருசம், நம் தோட்டத்துக் கீழ் டிவிசன். கையில் உன் புத்தகம், பள்ளிக்கூட நூலக முத்திரையோடு. மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கவேண்டுமாம். 212 பக்கம், இரண்டு பக்கத்தை ஒரு பக்கமாக எடுத்தால் 850 ரூபாய் வரும் என்றேன். அவள் காசை எண்ணிக்கொண்டு வந்திருந்தாள். புத்தகத்தின் விலை 1,800. அவளுடைய அம்மாவின் அடிப்படை நாட்சம்பளம் அதைவிடக் குறைவு. அதைவிடப் பெரிய விசயம், 1,800 கொடுக்க ஒருவர் தயாராக இருந்தாலும் ஹட்டனில் எந்தக் கடையிலும் உன் புத்தகம் இல்லை. நீ அடித்ததே முந்நூறு பிரதி, அதில் பாதியைக் கொழும்பில் வெள்ளவத்தையிலேயே விற்று முடித்துவிட்டாய். "இவர் நம்ம தோட்டத்துக்காரரா மாமா?" என்று அவள் கேட்டாள். அதற்குமேல் என்னால் யோசிக்க முடியவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அது அத்தோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதமாட்டேன். அடுத்த கிழமையே அந்தக் கொப்பியை யாரோ போனில் படம் பிடித்து பி.டி.எப். ஆக்கி, ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். என் மெசினில் இடது ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும், உனக்குத் தெரியும். அந்தக் கோடு ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. அதைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. நீ ஆறு வருசம் தோட்டங்களில் லய வீடு லய வீடாக ஏறி இறங்கி எழுதியது அது. உன் பெயர் இருந்த முதல் பக்கத்தைக்கூட விட்டுவிட்டுத்தான் போட்டிருக்கிறார்கள்.

அன்று இரவே சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முழுப் புத்தகத்தையோ அதில் பெரும்பகுதியையோ போட்டோ கொப்பி எடுக்கக் கூடாது. தெரிந்தே உரிமையை மீறினால் ஐந்து லட்சம் வரை தண்டம், அல்லது ஆறு மாதம் சிறை, அல்லது இரண்டும். ஆகவே நான் செய்தது பிழைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நீ என்மேல் வழக்குப் போட நினைத்தாலும் கொழும்பில் உள்ள வணிக மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். முந்நூறு பிரதி அடித்தவன் எந்தக் காசில் சட்டத்தரணி பிடிப்பான்? உன் பெயரில் ஒரு உரிமையைத் தந்துவிட்டு, அதைக் கேட்டுப் போகிற வழியை மட்டும் உன்னால் எட்டமுடியாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் அங்கேதான் தொடங்கியது.

டெல்லிக் கதை உனக்குத் தெரிந்திருக்கும். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் போன்ற பெரிய பதிப்பகங்கள் சேர்ந்து 2012 இல் டெல்லிப் பல்கலைக்கழகத்துக்குள் இருந்த ஒரு சின்னப் போட்டோ கொப்பிக் கடைமேல் வழக்குப் போட்டன. பாடத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்துக் கொப்பி எடுத்துக் கொடுத்ததுதான் அந்தக் கடைக்காரர் செய்த குற்றம். 2016 செப்டம்பரில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அடுத்த வருசம் பதிப்பகங்களே விலகிக்கொண்டன. அது இந்தியச் சட்டம், அதுவும் பகுதிகளைப் பற்றியது, என்னைக் காப்பாற்றாது. ஆனாலும் என்னைப் போல ஒரு கொப்பிக் கடைக்காரர் அவ்வளவு பெரிய கம்பனிகளுக்கு முன்னால் நின்றார் என்பதைப் படித்தபோது மனம் நிறைந்தது.

சரி, இனித்தான் உண்மையான விசயம். காமன் எரிந்த கதையை நாம் விடிய விடிய ஆடுகிற காமன் கூத்து.

இந்த மாசியில் நம் தோட்டத்தில் நான்கு வருசத்துக்குப் பிறகு காமன் ஊன்றினார்கள். நீ வந்திருக்கவேண்டும். தப்புக்காரர்கள் மேல் டிவிசனிலிருந்து இறங்கி வந்தபோது சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். ரதிக்கு வேசம் கட்டியது கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிற பையன், பதினைந்து நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தான். கூத்து மாஸ்டருக்கு 78 வயது, குரல் அப்படியே இருக்கிறது. காமன் எரிந்த பிறகு ரதி புலம்புகிற இடத்தில் அவர் பாட ஆரம்பித்ததும் அம்மா முக்காடு போட்டுக்கொண்டு அழுதார்.

தங்கச்சி மகன் அதை இரவு முழுக்கப் படம் பிடித்து அவனுடைய யூடியூப் சனலில் போட்டான். அந்தச் சனலில் நாற்பது வீடியோ இருக்கிறது, எல்லாம் நம் தோட்டத்துக் கிழவிகள் பாடியவை, கொழுந்துப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி. மூன்றாம் நாள் யூடியூபிலிருந்து ஒரு அறிவித்தல் வந்தது. ரதி புலம்பலின் மெட்டு ஒரு இசைக் கம்பனிக்குச் சொந்தமாம். கம்பனியின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் எப்போதோ "நாட்டுப்புற" இசை என்று ஒரு தொகுப்பு வெளியிட்டிருக்கிறார்கள், அதில் இதே மெட்டு வருகிறது. கம்பியூட்டர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அது அவர்களுடையது என்று முடிவு செய்துவிட்டது. இப்போது நம் கூத்தில் விளம்பரம் ஓடுகிறது, அந்தக் காசு அவர்களுக்குப் போகிறது. மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பொலிஸ் வருமா தம்பி?"

செல்வா, அந்த மனுசன் தன் தகப்பனிடம் கற்றதை அந்தத் தகப்பன் தன் தகப்பனிடம் கற்றார். அவர் பாடியதற்குப் பயப்படவேண்டி வந்ததே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாங்கள் மறுப்புப் போட்டோம். உரிமை கோரியவர் பதில் சொல்ல முப்பது நாள். இருபத்தொன்பதாவது நாள் "இல்லை, எங்களுடையதுதான்" என்று ஒரு வரிப் பதில் வந்தது. மேன்முறையீடு செய்தால் அவர்களுக்கு ஏழு நாள். அதையும் மறுத்து, வீடியோவை எடுக்கச் சொல்லிக் கேட்டார்களென்றால் சனலுக்கு ஸ்ட்ரைக் என்று ஒரு எச்சரிக்கை விழும், மூன்று விழுந்தால் சனலே போய்விடும், அந்தக் கிழவிகளில் ஐந்து பேர் இப்போது உயிரோடு இல்லை. தங்கச்சி மகன் "வேண்டாம் மாமா, விட்டுவிடுவோம்" என்றான். நான் விடவில்லை. மேன்முறையீடு போட்டு இன்று மூன்றாவது நாள்.

இத்தனைக்கும் நம் நாட்டுச் சட்டத்தில் நாட்டார் கலைக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதை அதன் வழக்கமான இடத்துக்கு வெளியேயோ காசுக்காகவோ யாராவது பயன்படுத்தினால் அமைச்சர் குறிக்கிற அதிகாரியிடம் அனுமதி வாங்கவேண்டும். எழுத்தில் நம் பக்கம்தான். ஆனால் யூடியூப் நம் சட்டத்தைப் பார்த்து ஓடவில்லை, 1998 ஒக்டோபரில் அமெரிக்காவில் வந்த சட்டத்தைப் பார்த்து ஓடுகிறது. அந்த ஒக்டோபர் 27 ஆம் திகதி காப்புரிமைக் காலத்தை இருபது வருசம் நீட்டும் சட்டத்தில் கிளின்டன் கையெழுத்துப் போட்டார். மறுநாள் இணையக் காப்புரிமைச் சட்டத்தில். முதல் சட்டத்துக்காக டிஸ்னி எவ்வளவு பாடுபட்டது என்று ஊருக்கே தெரியும். மிக்கி மவுஸ் முதலில் வெளியான 1928 ஆம் வருசப் படம் அன்றிருந்த சட்டப்படி 56 வருசத்தில் யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவுக்கு வந்திருக்கவேண்டும். ஒரு முறை 75 ஆக்கினார்கள், அப்புறம் 95 ஆக்கினார்கள், கடைசியில் 2024 ஜனவரி முதலாம் திகதிதான் வந்தது. ஒரு எலிக்காக நாற்பது வருசம் சட்டத்தை இழுக்க முடிகிறது, மாஸ்டருக்காக ஒரு கடிதத்தை ஒரு மனிதன் வாசித்துப் பதில் சொல்ல முடியவில்லை.

காசு கொடுத்துச் சட்டம் வாங்குகிறார்கள் என்று நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. 2012 ஜனவரியில், களவுக் கொப்பியைத் தடுக்கிறோம் என்று இணையத்தளங்களை முடக்க வழிசெய்த அமெரிக்காவின் சோபா மசோதாவை எதிர்த்து ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுக்கக் கறுப்பாகிக் கிடந்ததே, நினைவிருக்கிறதா, நீ அப்போது கம்பஸில் இருந்தாய். இரண்டு நாளில் அந்த மசோதாவைத் தூக்கி வைத்தார்கள். அப்போது ஹொலிவூட் படக் கம்பனிகளின் சங்கத் தலைவராக இருந்தவர் கிறிஸ் டொட், முப்பது வருசம் செனட்டராக இருந்தவர். எங்களிடம் காசோலை கேட்டு வருகிறவர்கள், எங்களுக்கு ஆபத்து என்றால் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது என்ற பொருளில் தொலைக்காட்சியிலேயே பேசினார். அந்த ஒரு வாரம் சாதாரண சனங்கள் வென்றார்கள். ஐரோப்பாவிலும் அதே வருசம் ஜூலையில், அதே மாதிரிக் கள்ளக் கொப்பியைத் தடுக்கவென்று பல நாடுகள் போட்ட அக்டா ஒப்பந்தத்தை ஐரோப்பியப் பாராளுமன்றம் 478 க்கு 39 என்று தோற்கடித்தது. ஆகவே கத்தினால் கேட்கும். ஆனால் நாம் எங்கே கத்துவது?

நம் ஆட்கள் மட்டும் என்ன செய்தார்கள்? உலக வணிக உடன்படிக்கை கேட்டது எழுதியவர் இறந்து ஐம்பது வருசம். 2003 இல் நாம் தானாகவே எழுபது கொடுத்தோம். சி.வி. வேலுப்பிள்ளை இறந்தது 1984. நம் மக்களின் பாட்டை ஊர் ஊராகத் தேடி எழுதி வைத்த மனுசனின் எழுத்து 2054 முடியும்வரை பூட்டுக்குள்தான். அதுவரை மறுபதிப்புப் போட ஒருவர் அனுமதி தேடி அலையவேண்டும், அதற்குள் இருக்கிற பிரதியைக் கறையான் தின்றுவிடும். தொழிற்சங்கக்காரர் மீனாட்சி அம்மாள் தோட்டக் கூட்டங்களில் பாரதி பாட்டைப் பாடித்தான் சனங்களைத் திரட்டினார், நம் தாத்தாமார் கேட்டிருக்கிறார்கள். அதே பாரதியின் பாட்டு உரிமை ஒரு படத் தயாரிப்பாளர் கையில் இருந்தது, சென்னை அரசாங்கம் 1949 இல் அதை எடுத்து, பிறகு எல்லாருக்கும் பொதுவாக்கியது. ஒரு அரசாங்கம் நினைத்தால் முடியும். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இங்கே இன்னொன்றும் நடந்தது. ஒரு கட்சிக்காரரின் பேஸ்புக் பக்கத்தில் நம் கூத்து வீடியோவைப் போட்டு, தங்கச்சி மகன் பெயர் வந்த இடத்தை வெட்டிவிட்டு, தலைவர் கும்பிடுகிற படத்தை முன்னால் ஒட்டியிருக்கிறார்கள். நம் சனலில் பார்த்தவர்களைவிட அங்கே பார்த்தவர்கள் பல மடங்கு. அதற்கு எந்த அறிவித்தலும் வரவில்லை. போன் எடுத்துக் கேட்டால், "நம்ம பிள்ளைகளுக்குத்தானே தம்பி விளம்பரம், பெரிதுபடுத்தாதே" என்கிறார்கள். எதிரே நின்று பேசியிருந்தால் கைகலப்பாகியிருக்கும். மாஸ்டர் பெயரையாவது போடுங்கள் என்று மூன்று முறை எழுதினேன். இன்னும் போடவில்லை.

இனி உன் புத்தகம். களவாகப் பரவுவது நல்லது என்று நான் சொல்லவரவில்லை, நீ உழைத்த காசு உனக்கு வரவேண்டும், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் வாங்க வழியில்லாத பிள்ளையும் கூத்து மெட்டைப் பிடித்துக்கொண்ட கம்பனியும் ஒன்றல்ல. ஆகவே ஒன்று கேட்கிறேன். மாணவர்கள் படிப்புக்காகக் கொப்பி எடுக்கலாம், விற்கக்கூடாது, பெயரை நீக்கக்கூடாது என்று நீயே ஒரு பக்கம் எழுதி அனுப்பு. அதை லமினேட் பண்ணிக் கடையில் ஒட்டுகிறேன். ஒரு பிரதிக்கு உனக்கு எவ்வளவு வேண்டும் என்றும் சொல், அதையும் சேர்த்து வாங்கி மாதா மாதம் அனுப்புகிறேன். முதல் கொப்பிக்காக 1,800 ரூபாயை ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன், அது உன்னுடையது. நூலகம் திட்டம் 2005 இலிருந்து இணையத்தில் நம் எழுத்துகளைச் சேர்த்து வருகிறதே, இரண்டாம் பதிப்பு வந்ததும் முதல் பதிப்பை அங்கே கொடுக்கலாமா என்று யோசி. கறுப்புக் கோடு விழுந்த கொப்பியை விட அது எவ்வளவோ மேல். கோபம் இருந்தால் திட்டி எழுது, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

அப்புறம், அந்தப் பிள்ளை தன் கொப்பியைக் கொண்டுபோய் மாஸ்டருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். 94 ஆம் பக்கத்தில் அவருடைய தகப்பன் பெயர் வருகிறதே, அதை மூன்று முறை வாசிக்கச் சொன்னாராம். நீ 'கருப்பையா' என்று போட்டிருக்கிறாய். தோட்டத்துப் பேர்ப் பதிவான செக்ரோலில் 'கறுப்பையா' என்றுதான் இருந்ததாம். அடுத்த பதிப்பில் திருத்தச் சொல்லி என்னிடம் தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அன்புடன்,
மணி