அப்பத்தாவின் கற்றாழைத் தொட்டி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய படத்தில் இருப்பது பார்வைக்குச் சோற்றுக்கற்றாழைதான். ஆனாலும் சாப்பிடும் முன் உறுதி செய்துகொள். நம் ஊர் வேலியோரத்து ரயில் கற்றாழையும் சின்னதில் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அடிமடல் ஒன்றை அறுத்துப் பார். தோலை ஒட்டி மஞ்சள் பால் கசிந்து, உள்ளே நுங்கு மாதிரி சோறு தெரிந்தால் சோற்றுக்கற்றாழை. நார் நாராகக் கிழிந்து, நுனியில் ஊசி போலக் கெட்டி முள் இருந்தால் ரயில் கற்றாழை. அதன் சாறு பட்டாலே தோல் அரிக்கும். சோற்றுக்கற்றாழையிலும் அந்த மஞ்சள் பால் பேதியாக்கும். மடலை நிமிர்த்தி வைத்து வடியவிட்டு, சோற்றை ஏழு தண்ணீர் கழுவாமல் வாயில் வைக்காதே.

மடலை வெட்டி மண்ணில் குத்தி வைத்திருக்கிறாயே, அதைப் பிடுங்கிவிடு. ரணகள்ளி இலை முளைக்கும், கற்றாழை மடல் முளைக்காது. ஈரத்தில் அழுகி ஈயைத்தான் கூட்டும்.

உன் செடியின் தண்டு ஒரு முழம் மொட்டையாக நீண்டு தலை சாய்ந்திருக்கிறது. நாள்பட்ட கற்றாழை அப்படித்தான் ஆகும். கம்பு கட்டி நிமிர்த்தாமல் தலையை வெட்டு. கத்தியை வெந்நீரில் கழுவித் துடைத்துக்கொள். கடைசி மடலுக்குக் கீழே நாலு விரல் தண்டு விட்டு ஒரே வெட்டு. வெட்டுவாய் வெளுப்பாக இருக்க வேண்டும். பழுப்பு வளையம் தெரிந்தால் அழுகல் மேலேறிவிட்டது. சுத்தமான சதை வரும்வரை இன்னும் மேலே வெட்டு.

பிறகு நிழலில் ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும். வெட்டுவாய் காய்ந்து மரப்பட்டை மாதிரி ஆகணும். பச்சைப் புண்ணோடு நட்டால் அழுகுவது நிச்சயம். வாடிவிடுமோ என்று பயப்படாதே, திருஷ்டிக்கு வாசலில் தலைகீழாகக் கட்டும் கற்றாழை மண்ணும் தண்ணீரும் இல்லாமல் மாசக்கணக்கில் பச்சையாகத் தொங்குவதைப் பார்த்தவள்தானே நீ.

மண்ணுக்கு ஆற்றுமணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மக்கிய ஆட்டுப்புழுக்கையும் கருவேலங்கரித் தூளும் அரை அரைப் பங்கு. கடல்மணல் கூடவே கூடாது, உப்பு. அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டியாகப் பார். கீழே தட்டு வைக்காதே. நட்டு ஐந்து நாள் கழித்துத்தான் முதல் தண்ணீர். அதன்பின் இரண்டு விரல் ஆழம் மண் காய்ந்தால் மட்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மடல் நுனி கருகும். மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்று. ஒரு மாதம் கழித்து லேசாக இழுத்துப் பார், பிடிமானம் இருந்தால் வேர் விட்டாச்சு. அதுவரை காலை வெயில் போதும், உச்சிவெயிலில் மடல் செந்நிறமாகும்.

இதையெல்லாம் ஆவணிக்குள் முடித்துவிடு. ஐப்பசி மழையில் வேர் விடாத தலை நின்றால் தாங்காது.

அடிக்கட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதே. நாலு விரல் தண்டு நிற்கட்டும், பக்கத்தில் கன்று வெடிக்கும். கன்றுகளில் வெள்ளைப் புள்ளி இருந்தால் வேறு ஜாதியோ என்று நினைக்காதே, வளர வளர மறையும். ஒரு சாண் வளர்ந்து, நாலைந்து மடலும் சொந்த வேரும் வந்தபின் பிரி. சித்திரையில் வரும்போது ஒரு கன்றை மண்ணை உதறி, காகிதத்தில் சுற்றி எடுத்து வா. திண்ணையோரத்தில் அப்பத்தா வைத்திருந்த இடம் காலியாகவே இருக்கிறது.

அன்புடன்
அம்மா