மேயருக்கு நிற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ நிற்கப்போவது உன் கடை ஷட்டரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ‘உங்கள் மேயர் வேட்பாளர்’ என்று போட்டிருக்கிறாய். முதலில் அந்த வரியை எடு. தமிழ்நாட்டில் மக்களே நேரடியாக மேயருக்கு ஓட்டுப் போட்டது 1996, 2001, 2011 தேர்தல்களில். 2022-இல் கவுன்சிலர்கள்தான் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டம் மாறாதவரை நீ ஜனங்களிடம் கேட்க வேண்டியது ஒரு வார்டு. அதை ஜெயித்தாலும், மேயர் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டால் உனக்கு வழியில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

ஏன் கேட்கவில்லை என்று தெரியும். அந்த மழை நாள்தான். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது, உன் கடை பள்ளத்துக்குப் போய்விட்டது. உள்ளே சிமெண்ட் மூட்டைகள் நனைந்து இறுகிக்கொண்டிருக்க, நீ இஞ்ச் டேப்போடு தண்ணீரில் குந்தி அளந்துகொண்டிருந்தாய். வாசலைவிட ரோடு ஒன்பது அங்குலம் மேலே. வடிகாலின் வாய் அந்த ரோட்டைவிடவும் இரண்டு அங்குலம் மேலே. தண்ணீர் மேடேறியா போகும்? பில் புத்தகத்தின் பின்பக்கம் அதைப் படமாகவே போட்டாய். அதிகாரியிடம் நீட்டப்போனவனைக் கையைப் பிடித்து இழுத்தது நான்தான். தப்புதான். ஆனால் மாநகராட்சிக்கு நீ கொடுத்த பைப்புக்கான பில் அப்போது பாஸாகாமல் கிடந்தது, வீட்டில் இரண்டு பிள்ளைகள். அங்கே யார் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன், பலரும் படிக்கிற இடம். அதற்காக மாதக்கணக்கில் எனக்கு முகம் கொடுக்காமல் இருந்தாயே, அது மட்டும் நியாயமா?

அந்த சப்ளையை இப்போதே முடித்துக் கணக்குத் தீர்த்துவிடு. மாநகராட்சியோடு ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் நிற்கவே தகுதி கிடையாது. சொத்து வரி, தண்ணீர்க் கட்டணம், தொழில் வரி எதிலும் பாக்கி வைக்காதே, ரசீதுகளைக் கோப்பில் வை.

உன் வேட்பு மனுவில் முன்மொழிகிறவர் அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்த்து வார்டுகளைப் புதிதாகப் பிரிக்கும்போது ஒரே தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு வார்டாகிவிடுவது உண்டு. எதிர்வீட்டுக்காரர்தானே என்று கையெழுத்து வாங்கினால், பரிசீலனையில் மனு தள்ளுபடியாகும். புது வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண் இரண்டையும் பார்த்த பிறகே வாங்கு.

சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பது வாபஸ் நாள் முடிந்த பிறகு. 2022-இல் அது பிப்ரவரி 7, வாக்குப்பதிவு 19. பிரசாரம் ஓய்வதைக் கழித்தால் சின்னத்தைக் காட்டப் பத்து நாள்தான். அதனால் இப்போதே தெருத்தெருவாகப் போ. டேப்பை எடுத்துக்கொண்டு போ. ஒவ்வொரு தெருவிலும் ரோட்டையும் வடிகாலையும் அளந்து, அன்று போட்டாயே, அதே மாதிரி ஒரு படம் போட்டு அந்தத் தெருக்காரர்களிடமே கொடு. கட்சிக்காரர்களிடம் கொடி இருக்கும், வண்டி இருக்கும், இது இருக்காது.

செலவைக் கடைக் கல்லாவிலிருந்து எடுக்காதே, தனி நோட்டுப் போடு. தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுத்துவிடு. விட்டால் மூன்று ஆண்டுக்குத் தகுதிநீக்கம்.

பில் புத்தகத்தின் அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. மனுத்தாக்கல் அன்று கொண்டுவருகிறேன். முன்மொழிய ஆள் தேவைப்பட்டால் கூப்பிடு. என் பெயர் இன்னும் உன் வார்டில்தான் இருக்கிறதா என்று பட்டியலில் பார்த்துவிட்டு.

அண்ணன்