எழுதிக் கொடுப்பவர் அறியாத கணக்கு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே உள்ள கூலி வேறுபாடு குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளி, கல்லூரி, வேலையிடம் என்று பெண்கள் பின்னுக்குத் தள்ளப்படும் இடங்களையெல்லாம் தொட்டுச் சென்ற அக்கட்டுரையில் சார்பதிவாளர் அலுவலகம் மட்டும் விட்டுப்போயிற்று. ஈரோடு மாவட்டத்தில், கீழ்பவானி வாய்க்கால் பாயும் ஊர்களுக்கு நடுவே முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அதனால் விட்டுப்போனதைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டு. அங்கே நடப்பதில் பங்கும் உண்டு.

தகப்பனார் காலமாகி, கருமாதி முடிந்து, வாரிசுச் சான்று கைக்கு வந்ததும் மகன்கள் எங்களிடம் வருவார்கள். "பொண்ணுக கையெழுத்துப் போட்டுக் குடுத்துருவாங்க, ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிருங்க" என்பதுதான் முதல் பேச்சாக இருக்கும். சொத்தில் தனக்குள்ள பங்கை உடன்பிறந்தவருக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிப் பதிவதுதான் விடுதலைப் பத்திரம். குறித்த நாளில் அந்தப் பெண்களை வண்டி வைத்து அழைத்து வருவார்கள். "என் முழு மனதுடனும் சுயநினைவுடனும், எவருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றியும்" என்று நான் எழுதி வைத்த வாசகத்துக்குக் கீழே, எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை அண்ணனோ தம்பியோ விரலை வைத்துக் காட்டிக்கொண்டு நிற்பார். பத்திரத்தைப் படித்துப் பார்த்த பெண்கள் மிகச் சிலரே. படித்தால் உடன்பிறந்தவனை நம்பவில்லை என்று ஆகிவிடுமே என்ற கூச்சம்தான் காரணம். வேலை முடிந்ததும் ஓட்டலில் சாப்பாடு, ஊருக்குப் போகும்போது ஒரு சேலை; அத்துடன் கணக்குத் தீர்ந்துவிடும்.

சட்டத்தில் குறை இல்லை. பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் நிறைவேற்றச் செய்தவர் எங்கள் ஈரோட்டுக்காரரான பெரியார். அது சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் மகளும் மகனைப்போலவே பிறப்பால் பூர்வீகச் சொத்தில் பங்காளி ஆனாள். ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே மணமாகிப் போனவர்களுக்கு அச்சட்டம் இடம் தரவில்லை. 2005 செப்டம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. அன்றைய தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. இத்தனை ஆண்டுகளில் சட்டம் பெண்களுக்குக் கொடுத்ததையெல்லாம் ஒற்றைக் கையெழுத்தில் திருப்பி வாங்கும் வேலையைத்தான் எங்கள் அலுவலக மேசைகளில் செய்துகொண்டிருந்தோம்.

"சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, இஞ்சினியரிங் படிக்க வெச்சாச்சு, இன்னும் என்ன?" என்று கேட்பவர்களிடம் நான் ஒன்றை மட்டும் கேட்பதுண்டு: தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை அவனுடைய பங்கில் கழித்தீர்களா? இதற்கு யாரும் பதில் சொன்னதில்லை. எங்கள் பகுதிக் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கும் அவருடைய சகோதரிக்கும் இணைச்சீர் என்ற ஒரு சடங்கைச் செய்கிறார்கள். உடன்பிறந்தவளை மணமேடையில் உட்காரவைத்து மரியாதை செய்யும் இப்படியொரு வழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கும் நாம்தான், நிலம் என்று வரும்போது அவளை அடுத்த வீட்டுக்காரி ஆக்குகிறோம்.

பெற்றோரைக் கடைசிவரை வைத்துப் பார்த்து, கிணற்றுக் கடனையும் அடைத்த தம்பிக்கு மனமுவந்து விட்டுக்கொடுத்த பெண்களையும் பார்த்திருக்கிறேன். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விட்டுக்கொடுப்பது எவ்வளவு என்பது தெரிந்து விட்டுக்கொடுத்தார்களா என்பதே என் கேள்வி.

பெரும்பாலும் தெரியாது. பத்திரத்தின் சொத்து விவரத்தில் புல எண், நான்கு எல்லை, மொத்தப் பரப்பு எல்லாம் இருக்கும். பெண்ணின் பங்கு மட்டும் "பொதுவில் பிரிபடாத மூன்றில் ஒரு பாகம்" என்ற அளவில் நின்றுவிடும். அது எத்தனை சென்ட், இன்றைக்கு என்ன மதிப்பு என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அந்தத் தொகை எங்களுக்குத் தெரியும். முத்திரைத் தீர்வைக்காக, நிலத்துக்கு அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பைப் போட்டுப் பார்த்தே ஆகவேண்டும் அல்லவா? போட்ட கணக்கை எழுதி வாங்குபவரிடம் சொல்வோம். பணம் கட்டுபவர் அவர்தானே. குடும்பத்தாருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலை முதல் அதற்கு உச்சவரம்பு 40,000 ரூபாய். மதிப்பு எத்தனை கோடி ஆனாலும் அதற்குமேல் இல்லை. பெண்கள் பெயரில் பதியப்படும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கும் அரசு, பெண்ணிடமிருந்து எழுதி வாங்கப்படும் இந்த மலிவான வழியையும் கொஞ்சம் கவனித்தால் நல்லது.

இதற்கும் கூலிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். நில உரிமையைக் காட்டும் வருவாய்த்துறைப் பதிவான சிட்டாவில் பெயர் இல்லாதவளுக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைப்பது அரிது. விடியற்காலையில் மாட்டுக்குத் தீவனம் போடுவது முதல் மஞ்சள் காட்டில் களையெடுப்பது வரை அத்தனை வேலையும் செய்யும் பெண்ணுக்கு, பத்திரத்தில் தொழில் என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று நானே எழுதியிருக்கிறேன். நிலம் இல்லாதவள் கிடைக்கிற கூலிக்குப் போக வேண்டியதுதான்.

என் தங்கை அப்படித்தான் போனாள். அவளுக்குக் கல்யாணம் ஆனது 1991-இல். எங்கள் தாயார் அதற்கு முன்பே இறந்துவிட்டார், தகப்பனார் 1994-இல். நாலரை ஏக்கர் புஞ்சை, வாரிசு நாங்கள் இருவர் மட்டுமே. 1996-இல் அவள் எனக்கு விடுதலை எழுதிக் கொடுத்தாள், எழுதியவனும் நானே. மைத்துனரின் விசைத்தறி நொடித்துப்போன பிறகு, பனியன் கம்பெனியொன்றின் செக்கிங் பிரிவில் நாள் முழுக்க நின்றுகொண்டே பிசிறு வெட்டுகிறாள். பல வருடங்களாகியும் இன்னும் அவள் ஹெல்பர்தான். தங்கள் கட்டுரையைப் படித்த வாரத்தில் அந்தப் பத்திரத்தின் நகலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், முதல் முறையாக முழுவதையும் படித்துக் காட்டினேன். "ரெண்டேகால் ஏக்கராங்களாண்ணா?" என்று கேட்டாள். அவளுக்கு அதுவரை தெரியாது. அதை எப்படித் திருப்பி எழுதுவது என்பதில் என் வீட்டில் இன்னும் பேச்சு முடியவில்லை.

1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, வந்திருப்பவர் அவர்தானா, கையெழுத்திட்டதை ஒப்புக்கொள்கிறாரா என்று விசாரிப்பதுடன் சார்பதிவாளரின் பொறுப்பு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பதிவுத் துறை புதிதாகச் சட்டம் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. விடுதலைப் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே, விட்டுக்கொடுக்கப்படும் பாகம் எத்தனை ஏக்கர், எத்தனை சென்ட், அதன் வழிகாட்டி மதிப்பு எவ்வளவு என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடச் செய்யலாம். எழுதி வாங்குபவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, அந்த இரண்டு எண்களையும் எழுதிக் கொடுப்பவரிடம் ஒருமுறை படித்துக் காட்டலாம். வருமான வரம்பு எதுவும் இல்லாமல் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தொலைபேசி எண்ணையும் அதே பக்கத்தில் போடலாம். கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை என் மேசையிலேயே நான் செலவழித்திருக்க முடியும், செலவழிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
ஈரோடு மாவட்டம்.