சதவீத எண் சான்றாகாது: கல்வி ஒழுங்குக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்வி ஒழுங்குக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுதியதாகச் சென்ற பருவத்தில் தாங்கள் விசாரித்த மாணவர்களுள் ஒருவருக்கு நெறியாளராக இருந்தவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். விசாரணையின் பின்னணியும், அவருக்கு எதிராக அமைந்த முடிவும் தாங்கள் அறிந்தவையே. என் வேண்டுகோள் ஒன்றுதான்: இயந்திரத்தின் எழுத்தைக் கண்டறியும் மென்பொருள் காட்டும் சதவீதத்தை மட்டும் சான்றாகக் கொண்டு எந்த மாணவருக்கும் தண்டனை வழங்க வேண்டாம்.

அன்று தங்கள் மேசையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, வரிகளுக்கு வண்ணம் பூசி, தலைப்பில் ஒரு சதவீதத்தைத் தாங்கியிருந்த மென்பொருள் அறிக்கை. மற்றொன்று, அந்த மாணவி கொண்டுவந்த வரைவுக் கட்டு. கோடிட்ட தாள்களில் கையால் எழுதிய முதல் வரைவு, அதன் ஓரங்களில் சிவப்பு மையில் நான் இட்ட திருத்தங்கள், எந்தப் பத்தியை எப்போது அழித்து எப்போது மாற்றி எழுதினார் என்பதைக் காட்டும் கணினிப் பதிவின் அச்சுப்படி எல்லாம் அதில் இருந்தன. விசாரணை முடியும்வரை அந்தக் கட்டை ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. "இதை நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று மட்டும் அவரிடம் கேட்கப்பட்டது. ஆதாரம் மேசைமேல்தான் இருந்தது.

கருத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருளோடு இதை ஒன்றாக வைத்துப் பார்ப்பதில்தான் பிழை தொடங்குகிறது என்பது என் கருத்து. திருட்டைச் சுட்டும் மென்பொருள் மூலநூலின் வரியையும் மாணவரின் வரியையும் அருகருகே காட்டும். ஐயமிருந்தால் நாமே ஒப்பிட்டுப் பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவைக் கண்டறிவதாகச் சொல்லும் மென்பொருளில் ஒப்பிட மூலம் எதுவும் இல்லை. அடுத்து வரும் சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கக்கூடியது, வாக்கியங்கள் எவ்வளவு ஒரே சீராக இருக்கின்றன என்பன போன்ற அடையாளங்களை வைத்து அது ஒரு மதிப்பீடு சொல்கிறது, அவ்வளவே. எழுபது சதவீதம் என்று அது காட்டினால், மாணவர் குற்றம் செய்திருக்க எழுபது சதவீத வாய்ப்பு உண்டு என்று பொருளல்ல. கட்டுரையில் அவ்வளவு பகுதி இயந்திரத்தின் எழுத்தாக இருக்கலாம் என்பது பல மென்பொருள்களின் ஊகம். அந்த ஊகமே தவறாகவும் இருக்கலாம்.

யாருடைய எழுத்தில் அது தவறுகிறது என்பதுதான் என்னை வருத்துகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இத்தகைய ஏழு மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகக் கூறின. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளிலோ அவை ஏறத்தாழப் பிழையே செய்யவில்லை. இரண்டாம் மொழியில் எழுதுகிறவர் தமக்கு உறுதியாகத் தெரிந்த சொற்களையே, தமக்குக் கற்பிக்கப்பட்ட அமைப்பிலேயே கையாளுவார். அந்த ஒழுங்கைத்தான் மென்பொருள் இயந்திரத்தின் சாயல் என்று எடுத்துக்கொள்கிறது.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் இத்தகைய மென்பொருளைப் பயன்படுத்துவதை நிறுத்தியபோது சொன்ன கணக்கு எளியது: 2022இல் அங்கிருந்து மென்பொருள் சோதனைக்கு அனுப்பப்பட்ட கட்டுரைகள் 75,000, ஒரு சதவீதமே தவறினாலும் 750 கட்டுரைகள்மீது வீண்பழி விழுந்திருக்கும். இத்துறையில் பெயர்பெற்ற டர்னிட்டின் நிறுவனமும், தன் மதிப்பீட்டை மட்டும் அடிப்படையாகக் கொண்டு மாணவர்மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றே சொல்கிறது. விற்பவரே போதாது என்று சொல்லும் ஒன்றைத் தாங்கள் போதும் என்று ஏற்பது எவ்வகையில் நியாயம்?

இயந்திரத்திடம் எழுதி வாங்கி, தம்முடையதென்று சமர்ப்பிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் விவரமானவர்கள் அந்த எழுத்தை வேறு மென்பொருளில் இட்டு மாற்றி எழுதச் செய்து தப்பிவிடுகிறார்கள். சொந்தமாக எழுதியவருக்கு மாற்றி எழுத வேண்டும் என்றே தோன்றுவதில்லை. அதனால் அவரே மாட்டிக்கொள்கிறார்.

அந்த மாணவி இப்போது எழுதும் விதத்தைத் தாங்கள் பார்க்க வேண்டும். எழுதத் தொடங்குமுன் கணினித் திரையைப் பதிவுசெய்யும் செயலியை ஓடவிடுகிறார். எழுதி முடித்த பத்தியை இலவசமாகக் கிடைக்கும் கண்டறியும் தளங்களில் ஒவ்வொன்றாக இட்டுப் பார்க்கிறார். எங்கேனும் சிவப்பு நிறம் தெரிந்தால் நல்ல வாக்கியத்தை உடைக்கிறார். பொருத்தமான இணைப்புச் சொல்லை நீக்குகிறார். சில இடங்களில் தெரிந்தே இலக்கணப் பிழையை விட்டுவைக்கிறார். தெளிவாக எழுது, சீராக எழுது என்று நான் பல மாதங்கள் சொல்லிக் கொடுத்ததை, குற்றவாளி ஆகாமல் இருப்பதற்காக அவர் தம் கையாலேயே கெடுத்துக்கொண்டிருக்கிறார். ஓர் ஆசிரியனாக இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் இயலவில்லை.

மென்பொருள் வாங்கப் பணம் ஒதுக்கிய நிர்வாகம், கட்டுரைகளை நிதானமாகப் படிக்கக் கூடுதலாக ஓர் ஆசிரியரை நியமிக்கவில்லை. ஒவ்வொருவர் மேசையிலும் குவிந்து கிடக்கும் கட்டுகளைப் பார்த்தால், வண்ணமிட்ட அறிக்கையை ஏன் எல்லோரும் நம்பத் தலைப்படுகிறார்கள் என்பது விளங்கும். ஒரு மாணவரின் முந்தைய எழுத்தைப் படித்தவருக்குப் புதிய கட்டுரையில் அவர் குரல் இருக்கிறதா என்று தெரியும். படிக்க நேரமில்லாதவருக்கு எண் ஒன்றுதான் துணை. இதற்குத் தங்கள் குழு மட்டும் பொறுப்பல்ல என்பதை அறிவேன். பேச்சு வேறு பக்கம் போனதற்குப் பொறுத்தருள வேண்டும்.

தங்களிடம் பணிவுடன் கேட்பது இதுதான். சதவீதத்தை விசாரணையின் தொடக்கமாக வேண்டுமானால் கொள்ளுங்கள். முடிவாகக் கொள்ள வேண்டாம். ஐயம் எழுந்தால் மாணவரை அழைத்து, அவர் கட்டுரையைப் பற்றி அவரோடு கால் மணி நேரம் பேசுங்கள். தாம் எழுதிய வாதத்தை அவரால் விளக்க முடிகிறதா என்று பாருங்கள். வரைவுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். மென்பொருள் அறிக்கையின் முழுப் படியை விசாரணைக்கு முன்பே அவரிடம் கொடுங்கள். இலக்கணத் திருத்தச் செயலி, மொழிபெயர்ப்புச் செயலி ஆகியவற்றில் எவை அனுமதிக்கப்பட்டவை என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே எழுத்தில் அறிவியுங்கள். குற்றத்தை மெய்ப்பிக்கும் பொறுப்பு குழுவினுடையதே என்பதை விதியில் சேருங்கள்.

அந்த மாணவியின் கோப்பு தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதை மீண்டும் எடுத்து, அவருடைய வரைவுகளைப் படித்துப் பார்த்த பிறகு தங்கள் முடிவை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் அழைத்தால் நேரில் வந்து விளக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓர் ஆய்வு நெறியாளர்